புளித்ததும் ஊசியதும்

1

இந்த வாரம் மொழிபெயர்ப்புக்கென்று என் மேசைக்கு வந்த தாளில் அரைப் பக்கத்துக்குத்தான் எழுத்து இருந்தது. நான் வாழும் ஜெர்மானியச் சிறுநகரத்தின் மழலையர் பள்ளி ஒன்று, கோடை விழாவுக்கு வீட்டிலிருந்து உணவு கொண்டுவரும் பெற்றோருக்கு அனுப்புகிற அறிவிப்பு அது. குடியேறியோருக்கான ஆலோசனை நிலையத்தில் தமிழ் என் பொறுப்பு. இங்கே தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. ஆனாலும் பள்ளி இப்போது எந்த மொழியையும் விட்டுவிடுவதில்லை. சென்ற கோடைக்குப் பிறகு வந்த கவனம் அது.

அறிவிப்பு 'டிப்' பற்றியது. இந்த நாட்டின் விருந்துகளில் அது இல்லாமல் இருக்காது. க்வார்க் என்கிற கெட்டித் தயிரோடு பாலேட்டைக் கலந்து, வேகவைத்துப் பிழிந்த கீரை, துருவிய வெள்ளரி, காரட் என்று எதையாவது சேர்த்து, ரொட்டித் துண்டால் தொட்டுத் தின்பார்கள். தாளிக்காத தயிர்ப் பச்சடி என்று சொன்னால் ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும்.

அதைச் செய்தவுடன் மூடி ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். ஐந்து டிகிரிக்குமேல் போகக் கூடாது. பரிமாறுவதற்கென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுக்கவேண்டும். வெளியே இரண்டு மணி நேரம் இருந்தது குப்பைக்குப் போகவேண்டும். வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். மிஞ்சியதைத் திரும்பப் பழைய பாத்திரத்தில் கொட்டக் கூடாது. ஃபிரிட்ஜிலேயே இருந்தாலும் மூன்று நான்கு நாட்களுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. மேலே கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நின்றால் அது கேடல்ல, கிளறிவிடலாம். பூசணமோ, கொழகொழப்போ, நிறமாற்றமோ, மூடி உப்பலோ தெரிந்தால் ருசி பார்க்காமலே கொட்டிவிடவேண்டும்.

இவ்வளவும் தடையின்றித் தமிழுக்கு வந்தன. கடைசி வரியில்தான் நின்றுவிட்டேன். 'கெட்டுப்போனதைச் சில வேளைகளில் மணத்தாலோ ருசியாலோ கண்டுகொள்ள முடியாது.' ஒவ்வொரு சொல்லும் எளியதுதான். ஆனால் காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் அவர் அதை நம்பமாட்டார். கெட்டது என்று நாம் சொல்வதே மூக்கு சொன்ன பிறகுதான்.

அந்த வாக்கியம் எழுதப்பட்டதற்குக் காரணமான பெண்ணை எனக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத நினைத்தேன்.

2

நான் திருப்பனந்தாளுக்கு அருகில் உள்ள கிராமத்தில், நிலம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். மிஞ்சிய குழம்பை இரவு ஒருமுறை கொதிக்கவைத்து மூடிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் அம்மா மூடியைத் திறந்து முகத்தைத் தாழ்த்துவாள். ஒரு நொடிதான். தீர்ப்பு வந்துவிடும்.

அந்தத் தீர்ப்புக்கு எத்தனை சொற்கள் இருந்தன என்பதை வேறொரு மொழியில் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். புளித்தது ஒன்று, ஊசியது வேறொன்று. மாவு புளித்தால்தான் இட்லி. தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. பழையது புளித்திருந்தால் வெயிலுக்கு நல்லது. புளிப்பு என்பது உணவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதன் அடையாளம். ஊசியதற்கு மன்னிப்பு கிடையாது. பருப்பு நூல் விடும், சோறு சளித்துப்போகும், பலகாரம் காறும். ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தோம்.

ஆடிப்பெருக்குக்கு மண்ணியாற்றங்கரைக்குச் சித்திரான்னங்களைக் கட்டி எடுத்துப் போகும்போதுகூட உண்பதில் ஒரு வரிசை உண்டு. தேங்காய்ச் சாதத்தை முதலில் தீர்க்கவேண்டும், அது பொழுது தாங்காது. தயிர்ச்சாதம் அதற்கு அடுத்தது. புளிச்சாதம் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். யாரும் இதைப் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. கைகள் தாமாகவே அந்தப் பாத்திரங்களை அந்த வரிசையில் திறந்தன.

இது முழுமையான அறிவு என்றே நம்பியிருந்தேன். அது குறிப்பிட்ட வெப்பத்துக்கும், குறிப்பிட்ட பண்டங்களுக்கும், அன்றாடம் சமைத்து அன்றாடம் தீர்க்கும் வாழ்க்கைக்கும் உரிய அறிவு என்பதை யோசித்ததில்லை.

3

வளர்மதி திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பெண். அவளுடைய பெற்றோர் பிறர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். கணவன் சேகர் இங்கே ஒரு பட்டறையில் வெல்டர். மகள் ஓவியா இந்த ஊரிலேயே பிறந்தவள், இப்போது பதினொரு வயது. நான் அவர்களை முதலில் சந்தித்தது இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க உதவி கேட்டு அவர்கள் ஆலோசனை நிலையத்துக்கு வந்தபோது. என் பேச்சைக் கேட்டதும் வளர்மதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க நம்ம பக்கமா? வந்து இத்தனை வருஷத்துல 'வாங்க'ன்னு ஒருத்தர் கூப்பிட்டுக் கேக்கல நான்."

அன்று ஓவியாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜெர்மன் மொழியில் 'ஸாவர்' என்றால் புளிப்பு. ஒருவருக்குக் கோபம் வந்தாலும் அவர் ஸாவராக இருக்கிறார் என்பார்கள். பால் திரிந்து கெட்டாலும் ஸாவர்தான். மூன்றுக்கும் ஒரே சொல். அந்தப் பிள்ளையின் தமிழ் அந்த மொழியின் தடத்தில்தான் ஓடியது.

"நான் ரெண்டு சத்தம் போட்டா போதும்க்கா. அவங்கப்பாகிட்டப் போயி, 'அப்பா, அம்மா புளிச்சிட்டாங்க'ங்கிறா. நான் என்ன தோசமாவா?"

"மாவா இருந்தாலும் பரவால்லையே," என்றான் சேகர். "பொங்கி வழிஞ்சா நாலு தோசையாவது மிஞ்சும்."

ஓவியா சிரிக்கவில்லை. நகைச்சுவை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சில மாதங்களில் வளர்மதிக்கு மழலையர் பள்ளியின் சமையலறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த வேலை நிலைத்தால் இரண்டு சம்பளத்தைக் காட்டி நிரந்தர அனுமதி கேட்கலாம். ஓவியா பிறந்த ஊரிலேயே படித்து முடிக்கலாம். நிலைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அலுவலக வாசலில் நின்று குறுகிய கால நீட்டிப்பு வாங்கவேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே இருந்தது அந்த வேலை ஒன்றுதான். வளர்மதிக்கு இது நன்றாகத் தெரியும். காய்ச்சலோடும் வேலைக்குப் போனாள்.

ஒருமுறை அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏதோ பேச்சில் தன் தாயைப் பற்றிச் சொன்னாள்.

"எங்கம்மா ஆண்டை வீட்டுக் கொல்லைப்பக்கம் பாத்திரத்தோட நிக்கும். மிச்சக் குழம்ப ஊத்துவாங்க. வாங்குறப்ப மோந்து பாத்துரக் கூடாது. பாத்தா, 'என்னடி, நாங்க என்ன விஷமா குடுக்கிறோம்?'னு கேப்பாங்க. வாய்க்கா மேட்டுக்கு வந்து, யாரும் இல்லாதப்ப மோந்து பாக்கும். புளிச்சிருந்தா வீட்டுக்கு வரும். ஊசியிருந்தா அங்கயே கொட்டிட்டு வெறும் பாத்திரத்தோட வரும். அந்த மூக்குதான்க்கா எனக்கும்."

குழம்பை ஊற்றிக் கொடுத்த வீடுகளின் தரப்பிலிருந்து வந்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் தீர்ப்புகள் இரண்டு தரமாக இருந்தன. எங்கள் இலைக்கு ஆகாத புளிப்பு, நடவாட்களுக்கு ஆகும். என் அம்மாவின் மூக்கு எதைக் குப்பையில் போடுவது என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. எது யாருக்கு என்பதையும் அதுவே முடிவு செய்தது. வளர்மதியின் தாயின் மூக்கோ, தன் பிள்ளைகள் உயிரோடு இருப்பதற்காகக் கற்றுக்கொண்டது.

4

சென்ற ஆண்டுக் கோடை விழாவின்போது பள்ளியின் சமையற்காரர் விடுப்பில் இருந்தார். கீரை டிப் செய்யும் பொறுப்பு வளர்மதிக்கு வந்தது. அவள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள் என்று சேகர் சொன்னான்.

பெரும்பாலும் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். முதல் நாள் மாலை கீரையை வேகவைத்து, ஆறவிட்டு, கையால் பிழிந்தாள். கலந்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே கிண்ணத்தில் தொட்டுத் தின்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடித்த ரொட்டியைத் திரும்ப முக்கினால் எல்லாம் எச்சில். எனவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிச் சிறு கோப்பை ஏற்பாடு செய்தாள். ஆசிரியைகள் அதைப் பாராட்டினார்களாம்.

விழா நாள் காலையில் பள்ளிக்கு வந்தவுடன் டிப்பை வெளியே எடுத்து மேசைமீது வைத்தாள். ஏனென்றால் அது சில்லென்று இருந்தது. சில்லென்ற தயிரைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் தொண்டை கட்டும், சளி பிடிக்கும். நம் ஊரில் எந்தத் தாயும் இதை அறிவாள். குளிர் விட்டபின் கொடுப்பதுதான் அக்கறை. சொந்த மகளுக்கு அவள் அப்படித்தான் கொடுத்து வந்தாள்.

அன்று நல்ல வெயில். மேசை சன்னலோரம் இருந்தது. பாட்டுகளும் விளையாட்டுகளும் நீண்டன. பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தபோது மதியம் கடந்துவிட்டது. பரிமாறுவதற்கு முன் வளர்மதி ஒரு கரண்டி எடுத்துக் கையில் விட்டு ருசி பார்த்தாள். நன்றாக இருந்தது.

மாலைக்குள் பிள்ளைகள் வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் மறுநாளே தேறினார்கள். ஏற்கெனவே உடல் நலிந்த ஒரு சிறுவன் மட்டும் தேறவில்லை. அவனை மருத்துவமனையில் சேர்த்து நரம்பில் ஊசி குத்தித் திரவம் ஏற்றினார்கள்.

பின்னால் எனக்கு விளக்கப்பட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஊரிலும் இப்போது இத்தகைய பண்டங்கள் டப்பாக்களில் வந்துவிட்டன என்பதால். உணவைக் கெடுக்கும் கிருமிகள் வேறு, மனிதரைக் கெடுக்கும் கிருமிகள் வேறு. முதல்வகை நாறும், நூல் விடும், பூக்கும். நம்மை எச்சரித்துவிட்டே வரும். இரண்டாம் வகையில் சில, நல்ல மனிதரின் நன்றாகக் கழுவிய கையிலும் மூக்கிலும் இருந்துகொண்டு, பிழியும்போது கீரையில் இறங்கிவிடும். குளிரில் அடங்கிக் கிடக்கும். குளிர் விட்டால் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு மணமில்லை, ருசியில்லை, நிறமில்லை. பிறகு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. இரவுக் குழம்பைக் கொதிக்கவைத்து மூடிய நம் வழக்கத்துக்கு அதனிடம் வேலையில்லை.

5

மறுநாள் காலை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வளர்மதியின் வீட்டுக்கு வந்தார். நடுவயதுப் பெண், கடுமையில்லாதவர். நான் வெளியூரில் இருந்தேன். சேகர் பட்டறையில் இருந்தான். மொழிபெயர்க்க இருந்தது ஓவியா மட்டும்தான். புலம்பெயர்ந்த வீடுகளில் இது வழக்கம். பெற்றோரின் நோய், கடன், வழக்கு எல்லாம் பிள்ளையின் வாய்வழியாகத்தான் அதிகாரிகளுக்குப் போகின்றன.

பரிமாறும்போது உணவில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று அதிகாரி கேட்டார்.

"எப்பவும்போலத்தான் இருந்துச்சு," என்றாள் வளர்மதி. "லேசாப் புளிச்சிருந்துச்சு, அவ்வளவுதான். ஊசல் கீசல் ஒண்ணும் இல்ல."

'ஊசல்' ஓவியாவுக்குத் தெரியாத சொல். தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் சொன்னாள். கொஞ்சம் ஸாவராக இருந்தது என்று அம்மா சொல்கிறார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பாலில் செய்த பண்டம் ஸாவர் ஆனது என்றால் அந்த மொழியில் அது கெட்டுப்போனது என்றே பொருள். சமைத்தவர் ருசி பார்த்தார், கெட்டது என்று அறிந்தார், அறிந்தே பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அறியாமல் நேர்ந்த பிழைக்கும் அறிந்து செய்த செயலுக்கும் சட்டத்தில் உள்ள தூரம் மிகப் பெரியது. அறிந்து செய்தவர் மீது குற்ற வழக்கு வரும். அனுமதி என்ற பேச்சே பிறகு இல்லை.

நான் வெளியூரிலிருந்து திரும்பிய அன்றே சேகர் என்னைத் தேடி வந்தான்.

"அக்கா, கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சே போட்டாளாம். எழுதிட்டாங்களாம். அவ சோறு தண்ணி இல்லாமக் கிடக்கிறா. இவ போட்டாலும் போடலாம்னு யாராச்சும் நினைப்பாங்களா? எதுத்த வீட்டுப் பூனைக்கே மோந்து பாத்துத்தான் வைப்பா."

நான் வளர்மதியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு வழக்கு என்ற சொல்லைவிட இன்னொன்றுதான் அதிகம் வலித்தது.

"ஊசினதப் பிள்ளைங்களுக்குக் குடுத்தேனாம். நானு. எங்கம்மா அதக் கையில வாங்கிக் கொட்டின ஆளு. நான் குடுப்பனாக்கா?"

ஓவியா கதவோரம் நின்றிருந்தாள். வெளியே வரும்போது என் பின்னால் படியிறங்கி வந்து ஜெர்மன் மொழியில் கேட்டாள். "நான் தப்பாவா மொழிபெயர்த்தேன்?"

"இல்லை," என்றேன். "அந்த மொழியில் அதற்கு அந்த ஒரு சொல்தான் இருக்கிறது."

அவள் தலையசைத்தாள். ஆனால் அன்று முதல் அம்மாவுக்காக எதையும் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். கடையில், பேருந்தில், தொலைபேசியில், எங்கும்.

6

அலுவலக விசாரணைக்கு நான் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். அதிகாரி எதிரில், வளர்மதி என் வலப்பக்கம். வேலைக்குப் போகும் நாளில் உடுத்துவதைப் போலத் துவைத்து மடித்த சட்டை அணிந்திருந்தாள்.

முதல் அரைமணி நேரம் அந்த ஒரு சொல்லுக்கே போயிற்று. எங்கள் மொழியில் புளிப்பு என்பது கேடல்ல என்று விளக்கினேன். மாவைச் சொன்னேன், மோரைச் சொன்னேன், பழையதைச் சொன்னேன். க்வார்க் தன் இயல்பிலேயே புளிப்பது, அதைத்தான் அவர் குறிப்பிட்டார், கெட்டதற்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது, அது இல்லை என்றுதான் அவர் சொன்னார் என்று எடுத்துரைத்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அந்த வேறு சொல்லை உச்சரிக்கச் சொன்னார். "ஊசல்" என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"சரி. அறிந்தே கொடுத்தார் என்ற குறிப்பை நீக்குகிறேன்," என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னபோது வளர்மதி கண்ணை மூடித் திறந்தாள். என் கையை ஒருமுறை அழுத்தினாள். எங்கள் வேலை முடிந்தது என்றே நினைத்தோம்.

அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார். "உணவு எவ்வளவு நேரம் ஃபிரிட்ஜுக்கு வெளியே இருந்தது?"

வளர்மதி என்னைப் பார்த்தாள். தணிந்த குரலில், உதடு அதிகம் அசையாமல் பேசினாள்.

"அக்கா. குளிர் விடட்டும்னு காலையிலயே எடுத்து வச்சேன். அது தப்பா?"

"வளர், நேரத்தை மட்டும் சொல்லு."

"ஒரு மணி நேரம்னு சொல்லிருங்கக்கா. அவங்களுக்கு என்ன தெரியும்? நம்ம பேசுறது அவங்களுக்குப் புரியாது."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் அதிகாரி.

உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் சொல்லப்பட்ட அனைத்தையும் சொல்லவேண்டும். தாமாக ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. இதை நான் பயிற்சி வகுப்புகளில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த அறையில் என் முன்னே மூன்று வழிகள் இருந்தன. அவள் சொன்னபடி ஒரு மணி நேரம் என்று சொல்லலாம். அவள் பொய் சொல்லச் சொன்னதையும் சேர்த்து முழுவதும் சொல்லலாம். மூன்றாவது வழி, அவளாகவே உண்மையைச் சொல்லும்படி செய்வது. முதலாவதில் மருத்துவமனையில் கிடக்கும் சிறுவனுக்கு அநீதி, இரண்டாவதில் அவளுக்கு அநீதி என்று எடைபோட்டேன். மூன்றாவது யாருக்கும் அநீதி செய்யாதது போலத் தோன்றியது.

"வளர்," என்றேன். "அந்தப் பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. என்ன நஞ்சுன்னு டாக்டருங்களுக்குத் தெரிஞ்சாத்தான் வைத்தியம். எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சுங்கிறத வச்சுத்தான் அதக் கண்டுபிடிப்பாங்க."

அப்படித்தான் நான் நம்பினேன்.

அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, என்னிடம் அல்ல, நேராக அதிகாரியிடம் தமிழில் பேசினாள்.

"காலையில வந்த உடனே எடுத்து வச்சேன். மத்தியானம் வரைக்கும் வெளியதான் இருந்துச்சு. பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்கக் கூடாதுன்னு. சொல்லுங்கக்கா."

சொன்னேன். சளியையும் விடாமல் சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். சளி பிடிக்கும் என்பதை மட்டும் இன்னொருமுறை விளக்கச் சொன்னார். விளக்கினேன். அவர் முகத்தில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வருந்துகிறேன்," என்றார். "ஆனால் இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்."

கையெழுத்து முடிந்து வளர்மதி வெளியே போனபின், சிறுவனின் நிலை பற்றி அதிகாரியிடம் விசாரித்தேன். தேறிவருகிறான் என்றார். ஆய்வகம் முந்தைய நாளே நஞ்சைக் கண்டறிந்து மருத்துவமனைக்குத் தெரிவித்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார்.

7

வழக்கு வரவில்லை. கவனக்குறைவு என்று பதிவாயிற்று. பள்ளி அவளுடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. குறைசொல்ல முடியாத மொழியில், வாழ்த்தோடு முடித்துக்கொண்டது. அந்தப் பதிவோடு வேறெந்தச் சமையலறையும் அவளை எடுக்கவில்லை. இரண்டாவது சம்பளம் இல்லாததால் நிரந்தர அனுமதிக்கான விண்ணப்பம் எழுதப்படவே இல்லை. சேகரின் பட்டறையிலும் வேலை நேரம் குறைந்தது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு குளிர்காலத்தைத் தள்ளிய பிறகு, அவன் இங்கேயே ஓர் அறையில் தங்குவது, வளர்மதியும் ஓவியாவும் ஊருக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. திருத்துறைப்பூண்டியில் ஒரு பள்ளியில் இடம் பார்த்திருந்தார்கள்.

அதற்கு முன் ஒருநாள் அவள் அந்தச் சிறுவனைப் பார்க்கவேண்டும் என்றாள். அவன் வீடு திரும்பியிருந்தான். உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போவது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அவள் கையால் எதைக் கொண்டுபோக முடியும்? பழம்கூட வேண்டாம் என்று முடிவு செய்தோம். வாசலுக்கு வந்த சிறுவனின் தாய் எங்களை உள்ளே அழைக்கவில்லை. நான் மொழிபெயர்த்த மன்னிப்பைக் கேட்டுக்கொண்டார். "வந்ததற்கு நன்றி," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவரை நான் குறை கூறமாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் நானும் அவ்வளவுதான் திறந்திருப்பேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் பெட்டி கட்ட உதவப் போனேன். ஆய்வகச் செய்தியை நான் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்வதால் யாருக்கு என்ன நன்மை என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்துத் தள்ளி வைத்திருந்தேன். அன்று சொன்னேன். அவளுக்கு உரியதை அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

அவள் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் சொல்லாம இருந்திருந்தாலும் அந்தப் பிள்ளை பொழச்சிருக்கும். அப்படித்தானேக்கா?"

"ஆமாம்."

"உங்களுக்கு அப்ப அது தெரியாது."

"தெரியாது."

"நான் சொல்லித்தான் இருப்பேன்க்கா. அன்னிக்கு இல்லைன்னாலும் மறுநாள் வந்து சொல்லியிருப்பேன். எனக்குத் தூக்கம் வராது. ஆனா எனக்கு என்னென்ன போகுதுன்னு தெரிஞ்சு, நானா யோசிச்சுச் சொல்லியிருப்பேன். நீங்க அந்தப் பிள்ளை உசுரத் தூக்கி என் மடியில வச்சுட்டீங்க. அதுக்கு மேல எவ யோசிப்பா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள்.

இருவரும் சேர்ந்து பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கருவியில் வைத்தோம். விமானத்துக்கு அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. வளர்மதி பெட்டியைத் திறந்து, எதை எடுப்பது என்று சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஓவியாவின் ஜெர்மன் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். ஓவியா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.